48 பிசியோதெரபி சிட்டிங், பதினான்கு மாதம், ஒரு வலது தோள்பட்டை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். "டீச்சர், ஏன் இப்பல்லாம் போர்டுல பாதிக்குக் கீழயே எழுதுறீங்க, பின்னாடி தெரியல" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். அதுவரை நான் வலது தோளில் ஏதோ சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரா ஹூக்கை முன்பக்கமாக மாட்டிப் பின்னால் திருப்பிப் போட்டுக்கொள்வது, இடது கையால் தலை வாருவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடித்து நிற்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் மட்டும் தப்பிக்க வழி கிடையாது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. எலும்பு டாக்டர் என் கையைத் தானே தூக்கிப் பார்த்தார், பாதிக்கு மேல் வரவில்லை. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாவிட்டாலும் அடுத்தவர் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடுமாம், யார் தூக்கினாலும் வராதது ஃப்ரோசன் ஷோல்டர், மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கிக்கொள்வது. அடுத்த கேள்வி "சுகர் எவ்வளவு?" மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம் இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும், அதுவும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. எனக்கு 52. எல்லாப் பொருத்தமும் சரியாக இருந்தது!

முதலில் போன பிசியோ சென்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே. தோளைச் சுற்றி நாலு பேட் ஒட்டி ஐஎஃப்டி என்று வலியை அடக்குகிற லேசான கரண்ட் வைப்பார்கள், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான், இருபது நிமிடம் கழித்து மணி அடிக்கும், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். பத்து நாளில் யாரும் என் கையைத் தொடவே இல்லை. வலி கொஞ்சம் அடங்கியது உண்மைதான், கை மட்டும் ஒரு இம்மி கூடுதலாக ஏறவில்லை. இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று நீவி விடுகிறவரிடம் போனேன். அவர் கையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அடுத்த நான்கு நாள் சாம்பார் கரண்டிகூடத் தூக்க முடியவில்லை. தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில்தான் பிசியோதெரபி என்றால் என்னவென்றே புரிந்தது. முதல் நாள் முக்கால் மணி நேரம் சிகிச்சையே கிடையாது, கேள்வியும் அளவும்தான். என் மகள் வயதுப் பெண், கோனியோமீட்டர் என்று ஸ்கூல் புரொட்ராக்டருக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒன்றை வைத்து அளந்தாள். முன்பக்கமாகத் தூக்குவது 95 டிகிரி (நல்ல தோளுக்கு 180 பக்கம் வரும்). முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது வெறும் 10. பெரும்பாலும் அந்த அசைவுதான் முதலில் போகும் என்றாள். அதோடு சூடு உறைக்கிறதா என்று இரண்டு குழாயில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வைத்துத் தொட்டுக் கேட்டாள், சுகர் இருப்பவர்களுக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் ஒத்தடமே தோலைப் பொசுக்கிவிடும் என்பதால். இதைக் கேட்காமல் ஹாட் பேக்கைத் தூக்கி வைக்கிற இடமாக இருந்தால் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உண்மையைச் சொன்னாள். வலிக்கிற மாதங்கள், இறுகிக் கிடக்கிற மாதங்கள், இளகுகிற மாதங்கள் என்று மூன்று கட்டம், மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்காவிட்டால் மூன்றாவது மாதமே நான் நிறுத்தியிருப்பேன்.

ஒரு சிட்டிங் இப்படித்தான் போகும்: பத்து நிமிடம் ஒத்தடம், பிறகு படுக்க வைத்து மூட்டுக்குள் கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் குழியிலேயே மெதுவாக அழுத்தி நகர்த்துவாள், இதை மொபிலைசேஷன் என்கிறார்கள். வலிக்கும், ஆனால் அந்த நீவல்காரரின் வலி மாதிரி இல்லை, "பத்துக்கு எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே செய்வாள், நாலைத் தாண்டினால் விட்டுவிடுவாள். அப்புறம் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்வாள். நான் ஜம்பமாகத் தூக்குவேன். "நீங்க கையத் தூக்கல டீச்சர், தோளத் தூக்குறீங்க" என்பாள். கண்ணாடியில் பார்த்தால் தோள் காதுவரை ஏறி நிற்கிறது, கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தத் தோள் ஏறாமல் கையை மட்டும் தூக்கப் பழகவே எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

வீட்டுப் பாடம்தான் பெரிய விஷயம். தினம் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிடம். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, ஒட்டடைக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து நல்ல கை கெட்ட கையைத் தள்ளுவது, ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கிணற்றுக் கப்பி மாதிரி இழுப்பது, சுவரில் விரல்களால் ஏறுவது. ஏறிய உயரத்துக்கு நிலைக்கதவு ஓரம் பென்சிலால் கோடும் தேதியும். மகன் சின்னப் பிள்ளையில் வளர்ந்த உயரக் கோடுகளும் அங்கேதான் இருக்கின்றன, அவன் இரண்டு வருஷத்தில் ஏறியதை என் விரல்கள் ஏற எட்டு மாதம். ஒரு வாரம் கோடு கீழே இறங்கும், கல்யாண வீட்டுக்குப் போய் நாலு நாள் விட்டால் அப்பட்டமாகத் தெரியும். செய்த வலி அன்றைக்கே அடங்கினால் சரி, மறுநாளும் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது மாதம் டாக்டர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். நாலைந்து நாள் சுகர் எகிறியது, ஆனால் ராத்திரி தூக்கம் திரும்பியது, தூங்கியதால்தான் பயிற்சியும் ஒழுங்காக நடந்தது. ஊசியைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுவார்கள், எனக்கு உதவியது.

செலவு: சிட்டிங்குக்கு 400 ரூபாய். முதல் மூன்று வாரம் ஞாயிறு தவிர தினமும், அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு மூன்று, பிறகு எட்டு வாரம் வாரம் ஒருமுறை, கடைசியில் மாதம் ஒன்றாக நாலு. ஆக 19,200. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என் இன்சூரன்ஸ் தரும், அதனால் முழுதும் கைக்காசு. பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, காசு இல்லை, காத்திருக்க நேரம் வேண்டும். படுக்கையோடு இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், பக்கவாதம் வந்த எதிர்வீட்டுப் பெரியவருக்கு வருகிறார்கள்.

இப்போது முன்பக்கம் 165, வெளிப்பக்கம் 60. போர்டின் உச்சியில் தேதி எழுதுகிறேன். பிரா ஹூக் இன்னும் முன்பக்கம்தான், பின்னால் கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடுகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு அடுத்த தோளுக்கும் வரக்கூடும் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு முன்னால் இடது கையையும் சுவரில் ஏற்றிப் பார்க்கிறேன். போன வாரம் வழக்கமான கோட்டிலேயே நின்றது.