இன்டரப்ட் எண்ணை எங்கே எழுதலாம்? ஹெடர், டிவைஸ் ட்ரீ, லினக்ஸ் வழி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் கன்ட்ரோலர் போர்டு. நன்றாக ஓடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை அப்படியே உறைந்து நின்றுவிடும். ஒரு வாரம் தேடிய பிறகு, கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது தெரிந்தது. இன்டரப்ட் என்பது, ஓடும் வேலையை இடைமறித்துச் சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் சிக்னல். எந்தச் சாதனத்துக்கு எந்த இன்டரப்ட் எண், எதற்கு என்ன முன்னுரிமை என்பதை எங்கே எழுதிவைப்பது என்ற கேள்வியை அதற்குப் பிறகு நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

எண் வேறு, முன்னுரிமை வேறு. ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் ஒன்று, யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்பது இன்னொன்று, அப்படித்தான். எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில் யூசார்ட்2 என்ற சீரியல் போர்ட்டுக்கு எண் 38; அது சிப் செய்தவர் போட்டது, நாம் தொட முடியாது. முன்னுரிமை மட்டும் நம் கையில். பழைய பிசியில் இரண்டும் ஒட்டிக்கிடந்தன. 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியில், இன்டரப்ட்களை வரிசைப்படுத்தும் இரண்டாவது 8259 சிப்பை முதல் சிப்பின் 2-ஆம் இணைப்பில் மாட்டினார்கள். அதனால் முன்னுரிமை வரிசை 0, 1, பிறகு 8 முதல் 15 வரை, அப்புறம்தான் 3 என்று ஆனது.

எண்களைக் கோடிலேயே ஒரு ஹெடர் ஃபைலில் எழுதிவைக்கும் வழிதான் எளிது. எம்.ஐ.டி.யின் பாடக் கெர்னலான (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்வி6-ன், ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான பதிப்பில் யுஆர்ட் (இதுவும் சீரியல் போர்ட்தான்) 10, டிஸ்க் 1. இரண்டே வரி, திறந்தால் தெரிகிறது. கெர்னல் எழுதக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கள் போர்டும் இந்த வழிதான், மேலே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு நிகழ்நேரக் கெர்னல். எஸ்டிஎம்32எஃப்407-க்குள் இருக்கும் ப்ராசஸரான கார்டெக்ஸ்-எம்மில் முன்னுரிமை ரெஜிஸ்டருக்கு 8 பிட் இடம். இந்தச் சிப்பில் மேல் 4 பிட்டுக்கு மட்டும்தான் உயிர். ஆக 5 என்ற முன்னுரிமை 4 பிட் மேலே நகர்ந்து, அதாவது 16-ஆல் பெருகி, ரெஜிஸ்டருக்குள் 80 ஆக இருக்கும். டிரைவர் எழுதிய தம்பி கவனமாக 80 என்றே போட்டிருந்தார். “அண்ணா, மேனுவல் பார்த்துத்தான் போட்டேன்” என்றார். மேனுவல் சரிதான். ஆனால் அவர் அழைத்த, ஆர்மின் சிம்சிஸ் நூலக ஃபங்ஷன் தானே 4 பிட் நகர்த்தும். 80 என்பது 1280 ஆகி, 8 பிட்டில் அடங்காமல் 0 ஆகிவிட்டது. கார்டெக்ஸ்-எம்மில் 0 என்றால் உச்ச முன்னுரிமை. எங்கள் அமைப்பில் கெர்னல் தன் பட்டியலைத் திருத்தும்போது 5-ம் அதற்குக் கீழான முன்னுரிமைகளும்தான் (6, 7 என்று எண் கூடக் கூட முன்னுரிமை குறையும்) தடுக்கப்படும். 0 அந்த நேரத்திலும் உள்ளே புகுந்து, அதே பட்டியலில் கை வைக்கும். இதைச் சோதிக்கும் அசெர்ட்டை ஆன் செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

ஜெஃபிர் என்ற இன்னொரு நிகழ்நேர இயங்குதளம் இதை டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று விவரிக்கும் ஃபைலில், வைக்கிறது. சாதனத்தின் பெயருக்குக் கீழே 38, பக்கத்திலேயே முன்னுரிமை. எல்லாம் பில்டு நேரத்தில் முடிவதால் ஓடும்போது செலவில்லை. இரண்டு டிரைவர்கள் ஒரே எண்ணைச் சாதாரணமாகக் கேட்டால் பில்டே நின்றுவிடும். இது எனக்கு மிகவும் பிடித்தது. பிடிக்காதது, சிப் சொல்லும் உண்மையையும் நாம் எடுக்கும் முடிவையும் ஒரே அடைப்புக்குள் போடுவது. முன்னுரிமையை நம் போர்டுக்கான ஓவர்லே ஃபைலில் திருப்பி எழுதலாம்தான், எழுதவும் வேண்டும். ஆனால் புதிதாக வருபவர் சிப்புக்கான ஃபைலில் இருக்கும் 0-வைப் பார்த்து, அதுவும் மாற்ற முடியாதது என்று நினைத்துவிடுகிறார்.

லினக்ஸ் வேறு உலகம். ஓடும்போது சாதனங்கள் வரும், போகும். அதனால் வன்பொருள் எண்ணும் லினக்ஸ் தரும் எண்ணும் வேறு, நடுவே ஒரு மேப்பிங். ஆர்ம் போர்டில் டிவைஸ் ட்ரீயில் எஸ்பிஐ (பொதுச் சாதனங்களுக்கான இன்டரப்ட்) வகை 38 என்று எழுதினால், ஆர்மின் இன்டரப்ட் கன்ட்ரோலரான ஜிக்குக்கு அது 70, ஏனென்றால் அந்த வகை 32-ல் தொடங்குகிறது. முன்னுரிமையைப் பொறுத்தவரை சாதாரண இன்டரப்ட்களை லினக்ஸ் சமமாகவே நடத்துகிறது. இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லரைத் த்ரெட்டாக மாற்றினால், ஃபைஃபோ என்ற நிகழ்நேர வகையில் முன்னுரிமை 50-ல் தொடங்கும், அதை நாம் மாற்றிக்கொள்ளலாம். நிகழ்நேரத்துக்கான ப்ரீஎம்ப்ட் ஆர்டி 2024-ல் 6.12 பதிப்போடு மூலக் கெர்னலுக்குள் வந்துவிட்டது. பிசிஐ சாதனம் மாட்டும் கணினியில் மற்ற இரண்டு வழிகளும் எடுபடாது.

ஒரே போர்டு, பத்துப் பதினைந்து இன்டரப்ட் என்றால் நான் ஹெடரைத்தான் எடுப்பேன். போர்டு இரண்டாகிவிட்டால் ஜெஃபிர். எதுவானாலும் முன்னுரிமைகளைத் தனி ஃபைலில், பெயரிட்டு வைப்பேன்: மோட்டார் நிறுத்தம், என்கோடர், யுஆர்ட் என்று.

பெயர் எதற்கு என்றால், அடுத்து எங்கள் கோடை நம்ம ஊர் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி போன்ற ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறது. அங்கே பிளிக் என்ற இன்டரப்ட் கன்ட்ரோலரில் முன்னுரிமை எண் பெரிதானால்தான் முன்னுரிமை பெரிது. 0 என்றால் அந்த இன்டரப்ட் வரவே வராது. இங்கே உச்சத்தில் வைத்த மோட்டார் நிறுத்தம், எண்ணை அப்படியே எடுத்துப்போனால், அங்கே சத்தமே இல்லாமல் செத்துக்கிடக்கும்.