கொமடோர் 64இன் பவர் சப்ளையைத் ‘திருத்தித் தருகிறோம்’ என்றால் நம்பிவிடாதீர்கள்

திருகோணமலையில் நாற்பது வருடப் பழைய கணினியை இன்னும் கட்டி மேய்ப்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்போம். அந்த நாலைந்து பேருக்காகவே இதை எழுதுகிறேன்.

சித்தப்பா மேற்கு ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த கொமடோர் 64 எங்கள் உவர்மலை வீட்டில் இருக்கிறது. 1982இல் வெளிவந்த இயந்திரம். நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வந்தால் நலமாக இருக்கிறது என்று பொருள். ஆவணியிலிருந்து அந்த வரி ஒரு நாள் வந்தது, மறுநாள் வரவில்லை. பவர் சப்ளைப் பெட்டியிலோ கை வைக்க முடியாத சூடு. பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு நகரில் ஒரு கடைக்குப் போனேன்.

“ரெகுலேட்டர் போய்விட்டது அண்ணன், மாற்றித் தருகிறேன்” என்றார் கடைக்காரத் தம்பி. வோல்ட்டை 5இல் நிறுத்தி வைக்கும் பாகம்தான் ரெகுலேட்டர். ஒன்பது நாள் கழித்து 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் கண்முன்னே மல்டிமீட்டரில் 5.1 வோல்ட் காட்டினார். கழற்றிய பழைய ரெகுலேட்டரைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டதாம். நானும் தலையாட்டிவிட்டு, பற்றுச்சீட்டுக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மடையன்!

வீட்டில் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு திரை நிறையத் தாறுமாறான எழுத்துகள், அதன் பிறகு வெறும் கறுப்பு. பெட்டியைக் கழற்றி அளந்தால், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 6.8. நினைவகச் சிப்புகள் எட்டில் மூன்று விரலைச் சுட்டன.

இந்தப் பெட்டியின் குணமே இதுதான். ரெகுலேட்டர் பழுதானால் பெரும்பாலும் மின்சாரம் நிற்பதில்லை, வோல்ட் ஏறுகிறது. அதைத் தடுக்க உள்ளே வேறு காவல் கிடையாது. ஆறியிருக்கும்போது அளந்தால் சாதுவாக 5 காட்டும். சூடேறிய பிறகுதான் சுயரூபம். கடையில் எனக்குக் காட்டியது ஆறிய பெட்டியை.

அன்றிரவே மூடியை நெம்பிப் பார்த்தேன். உள்ளே எல்லாவற்றையும் மூடி எபொக்சிப் பிசின் வார்த்திருக்கிறது. அதை உடைக்காமல் ரெகுலேட்டரின் நிழலைக்கூடத் தொட முடியாது. பிசினில் ஒரு கீறல் இல்லை. புதிதாக இருந்தது சுவரில் செருகும் பிளக் மட்டும். 7,500 ரூபாய்க்கு ஒரு பிளக்!

மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். “பழைய சாமான்தானே அண்ணன், எப்படியும் போகத்தான் போகும்” என்றுவிட்டு அடுத்தவரின் கைப்பேசியைப் பிரிக்கத் தொடங்கினார்.

இதே பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கணினியிலிருந்து கழற்றுங்கள். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் முனையில் சுமையாகக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 5.25ஐத் தாண்டினால் அது தீர்ந்தது. தாண்டாவிட்டாலும் நாளைக்கு உத்தரவாதமில்லை. நானாக இருந்தால் மாட்ட மாட்டேன். இன்னொரு கடையில் கைப்பேசிச் சார்ஜரை வெட்டி இணைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் வீண். இந்தக் கணினிக்கு 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் வேண்டும். என்னுடையதைப் போன்ற பழைய மின்சுற்றுப் பலகைகளில் ஒலிச் சிப்புக்கான 12 வோல்ட் அந்த ஏசியிலிருந்துதான் கிடைக்கிறது.

9 வோல்ட் டிரான்ஸ்ஃபோர்மர் ஒன்றையும் 5 வோல்ட், 3 அம்பியர் சப்ளை ஒன்றையும் தனித்தனியே வாங்கி வைத்திருக்கிறேன். சுட்டுப்போன நினைவகச் சிப்புகளுக்குப் பதிலாக 4164 என்ற வகைச் சிப்புகள் மூன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வரும்வரை கணினி துணி போர்த்திக் கிடக்கிறது.