வாக்கியத்தை யார் எழுதுவது? ஏலக் கணக்கும் ஏஐ உதவியாளரும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரி ஒருவருக்காக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்றை ஏஐ உதவியாளரோடு இணைக்க வேண்டியிருந்தது. “போன வாரம் வஞ்சிரம் கிலோ என்ன விலைக்குப் போனது?” என்று அவர் கேட்டால், பதில் கணக்கிலிருந்தே வர வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், வாக்கியத்தை உதவியாளரே எழுதி இயக்கும்படி விடுவது ஒரு வழி. வாக்கியத்தை நாமே எழுதி வைத்துவிட்டு, தேதி, மீன் பெயர் போன்ற மாறும் மதிப்புகளை (அளவுருக்களை) மட்டும் உதவியாளர் நிரப்பச் செய்வது இன்னொரு வழி.

முதல் வழியை அமைப்பது எளிது. நாம் நினைத்தும் பார்க்காத கேள்விக்கும் பதில் கிடைக்கும். பலர் இதில், தரவை மாற்ற விடாத ‘படிக்க மட்டும்’ பரிவர்த்தனைக்குள் வாக்கியத்தை இயக்குவதை நம்பி இருந்துவிடுகிறார்கள். வாக்கியத்தை முடிக்கும் ஓர் அரைப்புள்ளியும், பரிவர்த்தனையை முடிக்கும் ‘கமிட்’ என்ற சொல்லும் உள்ளே வந்தால் அந்தப் பரிவர்த்தனை அங்கேயே முடிந்து, அடுத்த வாக்கியம் எழுதும் உரிமையோடு ஓடக்கூடும். ஆகவே ‘செலக்ட்’ (படிக்கும்) உரிமை மட்டும் கொண்ட தனிப் பயனரும், நீண்டு ஓடும் வினவலை நிறுத்தும் கால வரம்பும் கட்டாயம். இவையெல்லாம் இருந்தும் எனக்குச் சிக்கல் வேறிடத்தில் வந்தது: ஏல அட்டவணையைச் செலவு அட்டவணையோடு உதவியாளர் இணைத்தபோது, இரண்டு செலவு வரிகள் உள்ள படகின் எடை இருமடங்காகக் கூட்டப்பட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நம்பும்படியான தவறான எண் ஒன்று வந்தது.

இரண்டாம் வழிக்கு, ஏஐ உதவியாளரைத் தரவுத்தளங்களோடு இணைக்கும் கூகுளின் எம்சிபி டூல்பாக்ஸை எடுத்துக்கொண்டேன். அதன் யாம்ல் அமைப்புக் கோப்பில் கருவியின் பெயர், விளக்கம், டாலர் குறியோடு எண் இட்ட இடங்களைக் கொண்ட வாக்கியம், ஒவ்வோர் அளவுருவின் வகையும் விளக்கமும் இருக்கும். மதிப்பு வாக்கியத்திலிருந்து தனியே அனுப்பப்படுவதால், அதில் எதை எழுதினாலும் அது கட்டளையாக மாறாது. அட்டவணைப் பெயரை இப்படி அனுப்ப முடியாது. அதற்கென உள்ள வார்ப்புரு அளவுரு, சொல்லை வாக்கியத்துக்குள் அப்படியே ஒட்டுவதால் பழைய ஆபத்தைத் திரும்ப அழைத்து வருகிறது. நான் அதைத் தொடவில்லை.

உழைப்பெல்லாம் விளக்கங்களில்தான் போயிற்று. ‘மீன் பெயர்’ என்று மட்டும் எழுதியிருந்தபோது உதவியாளர் ஒருமுறை ‘வஞ்சிரம்’ என்றும் மறுமுறை ‘வஞ்சரம்’ என்றும் அனுப்பியது; அனுமதிக்கப்பட்ட பெயர்களை வரிசையாகக் கொடுத்த பிறகே அது அடங்கியது. கொடுவாவுக்கு மட்டும் அப்போதும் பதில் வெறுமையாகவே வந்தது. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும், போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றை இரு பக்கமும் இட்டுச் சரிசெய்தேன். படகு உரிமையாளரின் அடையாள எண்ணை மட்டும் உதவியாளரிடம் விடாமல், உள்நுழைவிலிருந்தே எடுக்கும்படி வைத்தேன்.

இவ்வழியின் குறையும் உண்மையானதே: தயாராக இல்லாத கேள்வி வந்தால், அருகிலுள்ள கருவியை எடுத்து உதவியாளர் சமாளிக்கப் பார்க்கிறது. ஆனாலும் வியாபாரியின் கைக்கு இரண்டாவதையே கொடுத்திருக்கிறேன். முதலாவது, பிரதித் தரவுத்தளத்தில் எனக்கு மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் ஐஸுக்கு எவ்வளவு செலவானது என்று அவர் அண்மையில் கேட்டார். இருந்த ஏழு கருவிகளில் எதுவும் அதற்குப் பொருந்தாததால், எட்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.