ஐ3 12100எஃப்பா, ரைசன் 5 5500ஆ? கம்மி பட்ஜெட்ல எது எடுக்கலாம்

கம்மி காசுல பிசி அசெம்பிள் பண்ண நினைக்கிறவங்க நிறைய பேர் கடைசியில வந்து நிக்கிற எடம் இதுதான். ரெண்டுமே 2022ல வந்த சிப் (கம்ப்யூட்டரோட மூளையான ப்ராசஸர்). இன்டெல் ஐ3ல 4 கோர் (சிப்புக்குள்ள வேலை செய்யுற பகுதி) 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை), ஏஎம்டி 5500ல 6 கோர் 12 த்ரெட். நம்பரை மட்டும் பார்த்தா 5500தான்னு தோணும், ஆனா கேம்ல அப்படி இல்லைங்க, ஐ3யோட ஒவ்வொரு கோரும் தனியா நல்ல வேகம், அதனால 4 கோரை வச்சுக்கிட்டே நிறைய கேம்ல 5500க்கு சமமா நிக்குது, சில கேம்ல தாண்டியும் போயிடுது. 5500ல எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 16 எம்பிதான், ஏஎம்டியோட இன்னொரு சிப் 5600ல 32 எம்பி. பேர்ல 100தானே வித்தியாசம்னு நம்பி ரெண்டையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க.

அதைவிட முக்கியம், 5500ல பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டுக்கும் சிப்புக்கும் நடுவுல டேட்டா போற பாதை) பழைய 3.0தான் இருக்கு, ஐ3ல அதைவிட வேகமானது. 16 லேன் (அந்தப் பாதையில இருக்கிற தடம்) கார்டு போட்டா பெருசா தெரியாது, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் கார்டு போட்டா சில கேம்ல ஃப்ரேம் நல்லாவே எறங்கும். இந்த பட்ஜெட்ல அந்த மாதிரி கார்டுதானே கைக்கு எட்டும், அப்போ ஐ3தான் சரி.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி சாஃப்ட்வேர்) ரெண்டரிங்னா யோசிக்கவே வேணாம், 5500 எடுங்க, அந்த ரெண்டு கோர் எக்ஸ்ட்ரா அங்கதான் வேலை செய்யும்.

ஏற்கனவே ஏஎம்4 (5500 பொருந்துற சாக்கெட்) மதர்போர்டு வச்சிருக்கீங்கன்னா கணக்கே மாறிடும். 2017ல வாங்கின 300 சீரிஸ் போர்டுலயே பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் வந்திருந்தா 5500 ஓடும், பழைய சிப்பை கழட்டுறதுக்கு முன்னாடியே அப்டேட்டை முடிச்சிடுங்க, போர்டு காசு, ரேம் காசு மொத்தமா மிச்சம். இன்டெல்ல இந்த ஐ3 பொருந்துற எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ன்னு மூணு தலைமுறையோட நின்னுடுச்சு, 2024ல அடுத்து வந்த கோர் அல்ட்ரா சிப்புக்கு வேற சாக்கெட்.

இவ்வளவு சாய்ஸ் நமக்கு சும்மா வரல, ரெண்டு கம்பெனியும் போட்டி போட்டதால வந்தது. 7வது தலைமுறை வரைக்கும் டெஸ்க்டாப் ஐ3ன்னா 2 கோர்தான், 2017ல ஏஎம்டியோட ரைசன் 3 1200 நாலு கோரோட வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல ஐ3 8100லயும் நாலு கோர். 2020ல ரைசன் 3 3100 வெறும் 99 டாலருக்கு 8 த்ரெட் குடுத்துச்சு, அந்த வருஷமே ஐ3 10100லயும் 8 த்ரெட். ஏஎம்டி மட்டும் நல்லவங்கன்னு சொல்லல, 97 டாலர் ஐ3 இருக்கிறப்போ 5500ஐ 159 டாலருக்குதான் எறக்கினாங்க, அப்புறம் அது 100 டாலருக்கு கீழ வந்ததுக்கு அப்புறம்தான் இந்தப் போட்டியே நியாயமாச்சு.

கிராபிக்ஸ் கார்டு வாங்க காசே இல்லன்னா ரெண்டுமே வேணாம், ரெண்டுலயும் உள்ள கிராபிக்ஸ் இல்லாததால டிஸ்ப்ளே வராது. ஏஎம்டியோட 5600ஜி எடுத்து 8 ஜிபி ரேம் ரெண்டா போடுங்க, ஒத்த ஸ்டிக்னா உள்ள இருக்கிற வேகா கிராபிக்ஸ் ரொம்ப திணறும்.