ஈரக்கைக்கு ஒரு டிராக்பால்: டிரைவரை எங்கே எழுதுவது?

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டால் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் யார் கையும் காய்ந்திருக்காது. ஈர விரலுக்குக் கெப்பாசிட்டிவ் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. அதனால் எடை பதியும் பெட்டியில் ஒரு டிராக்பாலை, மைக்ரோகண்ட்ரோலர் வழியாக சீரியல் போர்ட்டில் மாட்டினோம். உருண்டையை உருட்டினால் பைட்டுகள் வரும். அதை அம்புக்குறியின் அசைவாக மாற்றுவதுதான் டிரைவரின் வேலை. பெட்டியின் லினக்ஸ் போர்டில் அதை எழுத மூன்று வழி உண்டு: திரையை வரையும் லைப்ரரியான க்யூட் (Qt) 4-க்கான மவுஸ் டிரைவர் ப்ளக்-இன், சாதாரண புரோகிராமே மவுஸ் போல நடிக்க லினக்ஸ் தரும் யூஇன்புட் (uinput), லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடும் கெர்னல் டிரைவர்.

முதலில் எழுதியது ப்ளக்-இன். எழுதுவது சுலபம்தான்: டிரைவரின் பெயரைச் சொல்ல ஒரு ஃபங்ஷன், ஹேண்ட்லரை உருவாக்கித் தர இன்னொன்று. ஹேண்ட்லர் போர்ட்டைப் படித்து, திரையில் அம்புக்குறி நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும். டிராக்பால் தருவது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும்தான். எனவே கூட்டிக்கொண்டே வருவதும், திரையின் ஓரத்தைத் தாண்டாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு. சிக்கல் வேறு இடத்தில். சேலத்தில் என் மேஜையில் க்யூட் 4.7-ல் கட்டிய ப்ளக்-இன், மலைமேல் பெட்டியின் போர்டில் இருந்த க்யூட் 4.6-ல் ஏறவே இல்லை. புதிய பதிப்பில் கட்டியதைப் பழைய லைப்ரரி ஏற்காது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்த் தெரிந்துகொண்ட விஷயம் இது. அப்புறம் 2012 டிசம்பரில் க்யூட் 5 வந்தபோது, இந்த ப்ளக்-இன் நம்பியிருந்த சாளர அமைப்பே எடுக்கப்பட்டுவிட்டது.

யூஇன்புட்டில் டிரைவர் ஒரு சாதாரண புரோகிராம். பைட்டுகளைப் படித்து, கெர்னலிடம் ஒரு மெய்நிகர் மவுஸைப் பதிந்து, அதன் வழியே நகர்வை எழுதும். க்யூட் எந்தப் பதிப்பு என்ற கவலை இல்லை, வேறு புரோகிராம்களுக்கும் அதே மவுஸ் தெரியும். இரண்டை மட்டும் மறக்கக் கூடாது. எக்ஸ், ஒய் அச்சுகளோடு இடது பட்டனையும் அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் சாதனங்களை வகைபிரிக்கும் யூடெவ் (udev) அதை மவுஸ் என்று அடையாளம் காணாது. ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால், 'இந்த நகர்வு முடிந்தது' என்று சொல்லும் ஒரு சின்க் (SYN) நிகழ்வு அனுப்ப வேண்டும். புரோகிராம் விழுந்தாலும், அப்படி அமைத்து வைத்திருந்தால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி (systemd) திரும்ப எழுப்பிவிடும், யாரும் மலையேற வேண்டியதில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

கெர்னல் டிரைவர், நுண்ணிய இன்டரப்ட் (வன்பொருள் தரும் உடனடி அழைப்பு) நேரம் முக்கியமான இடத்துக்கு. சீரியலில் மெதுவாக வரும் பைட்டுகளுக்கு அது தேவையில்லை. அதில் ஒரு பிழை பெட்டி முழுவதையும் நிறுத்திவிடலாம்.

ஆகவே புதிய போர்டு என்றால் யோசிக்காமல் யூஇன்புட். க்யூட் 4 போர்டாக இருந்தாலும், அதில் கெர்னலின் மவுஸ் நிகழ்வுகளைப் படிக்கும் லினக்ஸ் இன்புட் டிரைவரைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கேயும் யூஇன்புட் ஓடும். இல்லாதபோதுதான் ப்ளக்-இன், அதுவும் போர்டில் உள்ள அதே பதிப்பில் கட்டியது. யூஇன்புட் வழி போனால், பெட்டியை வண்டியில் ஏற்றும் முன் ஒருமுறை, வரும் நிகழ்வுகளைக் காட்டும் எவ்டெஸ்ட் (evtest) புரோகிராமை ஓட்டி, உருண்டையை ஈரக்கையாலேயே உருட்டிப் பாருங்கள்.