16 டிபி டிரைவ் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்

ஆன்லைனில் "16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" (அதாவது 16,000 ஜிபி வரை சிப்பிலேயே சேமிக்கும் கையடக்க டிரைவ்) என்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அது போலி, தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அதில் ஏற்றிய எதையும் கணினியிலிருந்து அழிக்காதீர்கள். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு இவ்வளவு போதும்.

நான் 2,199 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில், யாரோ ஒரு வெளி விற்பனையாளர் போட்டிருந்த சரக்கு. நாலு நட்சத்திரத்துக்கு மேல் மதிப்பு, நூற்றுக்கணக்கில் விமர்சனங்கள். வீட்டு லேப்டாப்பைத் தம்பிக்குக் கல்லூரிக்குக் கொடுப்பதாக இருந்தோம். அதில் 2009 முதல் சேர்ந்த குடும்பப் படங்கள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, தங்கையின் வளைகாப்பு, அப்பத்தா ஊர்க்கதை சொல்லச் சொல்லப் போனில் பதிந்து வைத்த ஒலிப்பதிவுகள் என்று ஏறத்தாழ 380 ஜிபி இருந்தது. எல்லாவற்றையும் இந்த டிரைவில் ஏற்றினேன்.

காப்பி முடிந்தது என்று விண்டோஸ் சொன்னது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் ப்ராபர்ட்டீஸ் திறந்து பார்த்தேன். கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். சில படங்களைத் திறந்தேன், பளிச்சென்று வந்தன. அதன் பிறகுதான் லேப்டாப்பை ஃபார்மட் செய்து தம்பியிடம் கொடுத்தோம்.

அப்புறம் ஒருநாள் தங்கை வளைகாப்பு வீடியோவைக் கேட்டாள். கோப்பின் பெயர் இருக்கிறது, 4 ஜிபி என்று அளவும் காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை. அடுத்த ஃபோல்டரிலும் அப்படியே. படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். முதலில் ஏற்றிய ஃபோல்டர்கள் மட்டும் நன்றாகத் திறந்தன. ஒரு படத்தை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்புக்குள் இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பார்த்தேன். ஜேபெக் வகைப் படக் கோப்பு எதுவானாலும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்கும். இங்கே முதல் வரியிலிருந்து கடைசி வரை பூஜ்யம்தான்.

டிரைவின் மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே எஸ்எஸ்டி என்று எதுவும் இல்லை. யுஎஸ்பி கார்டு ரீடர் பலகை ஒன்று, அதில் செருகிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, கையில் எடுத்தால் கனமாகத் தெரியவேண்டும் என்று பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று. அந்த இரும்புத் துண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. தெரியாமல் நடந்த தவறில்லை, உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் சாதாரணமாக நாம் செய்கிற எந்தச் சோதனையிலும் இது மாட்டாது. டிரைவின் கொள்ளளவை விண்டோஸ் அளந்து பார்ப்பதில்லை. உள்ளே இருந்து டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பைக் கேட்கிறது, அது சொல்வதை நம்புகிறது. இந்த சிப்பின் ஃபர்ம்வேரை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி "16 டிபி" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர், அளவு, எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையெல்லாம் பெரும்பாலும் தொடக்கப் பகுதியிலேயே எழுதப்படுகிறது. அங்கே உண்மையான நினைவகம் இருப்பதால் அது பத்திரமாக இருக்கும். நிஜ இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை சிப் வாங்கிக்கொள்கிறது, "எழுதிவிட்டேன்" என்கிறது, ஆனால் எங்கேயும் வைப்பதில்லை. நெல் மூட்டைக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு மூட்டையை வாய்க்காலில் தள்ளிவிடுகிற கிடங்குக்காரனின் வேலை இது. சில டிரைவுகளில் இதைவிட மோசம். புதிய தரவு சுற்றிவந்து பழைய தரவின் மேலேயே எழுதப்படும், அப்போது முதலில் ஏற்றியதும் போய்விடும்.

காப்பி ஆன உடனே திறந்து பார்ப்பதும் போதாது. கடைசியாக ஏற்றிய கோப்புகள் இன்னும் கணினியின் ராமிலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) இருக்கலாம், விண்டோஸ் அங்கிருந்தே எடுத்துக் காட்டிவிடும். டிரைவை முறைப்படி வெளியே எடுத்து, மறுபடி செருகி, கடைசி ஃபோல்டரில் உள்ள பெரிய வீடியோவை நடுவிலிருந்து ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் டிரைவை நிரப்ப எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். ஆனால் 16 டிபியையும் நிரப்பவேண்டும் என்று உட்காராதீர்கள். இந்தப் போலி டிரைவுகள் நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதினால் அதற்கே ஆறு நாளுக்கு மேல் ஆகும். எச்2டெஸ்ட்டபிள்யூவில் அளவைக் குறிப்பிட வழி இருக்கிறது. என்னுடைய டிரைவுக்கு 200 ஜிபி கொடுத்ததே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 60 ஜிபி சரி, மீதி இழப்பு என்று சிவப்பில் வந்தது. இன்னும் அவசரம் என்றால் ஸ்டீவ் கிப்சன் என்ற மென்பொருள் நிபுணர் எழுதிய வேலிடிரைவ் இருக்கிறது. டிரைவின் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் எழுதிப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். எதை ஓட்டுவதானாலும் புதிய, காலி டிரைவில் ஓட்டுங்கள்.

இத்துடன் முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. டேட்டா ரெக்கவரி செய்யும் கடை ஒன்றுக்குப் போனேன். டிரைவைத் திறந்துகூடப் பார்க்காமல், "எல்லாம் எடுத்துடலாம் சார், பதினஞ்சாயிரம் அட்வான்ஸ்" என்றார்கள். நல்லவேளையாக, இன்னொரு கடையில் வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன் கார்டைத் தனியாக எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "சார், அழிஞ்சதை எடுக்கலாம். எழுதவே இல்லாததை எங்கேயிருந்து எடுக்கிறது?" என்றார். பைசா வாங்கவில்லை. போலி டிரைவில் இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிஜ இடத்தில் ஏறியதை (என்னுடையதில் முதல் 60 ஜிபி) நீங்களே காப்பி செய்துகொள்ளலாம், மீதி அதில் ஒருபோதும் இருந்ததே இல்லை.

விற்பனையாளரிடம் புகார் செய்தபோது நடந்ததையும் சொல்கிறேன். முதலில் "என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து பாருங்கள்" என்றார் (என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை). பிறகு "உங்கள் யுஎஸ்பி போர்ட் பழுது" என்றார். அப்புறம் 20 சதவீதம் பணம் திருப்பித் தருகிறேன், பொருளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பேசிக்கொண்டே இருப்பதுதான் நோக்கம். தளத்தின் வாடிக்கையாளர் சேவையும் கெடு முடிந்தது என்றே கைவிரித்தது. கெடுவைச் சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. போலியான, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, திறந்த டிரைவின் படத்தையும் சோதனை முடிவையும் அனுப்பிய பிறகுதான் முழுப் பணமும் வந்தது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அந்த விமர்சனங்களையும் பிறகு நிதானமாகப் படித்தேன். "கலர் அழகாக இருக்கிறது", "என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது". பாதிக்கு மேல் போன் உறைக்கு எழுதியவை. பழைய பொருளின் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி டிரைவை ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்போது இல்லை. அதே படம் வேறு விற்பனையாளர் பெயரில் இன்றும் இருக்கிறது, இந்த முறை 32 டிபி என்று.

நல்ல கம்பெனியின் 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கே நாலாயிரத்துக்கு மேல் ஆகிறது. 16 டிபி ஹார்ட் டிஸ்க் உண்மையில் இருக்கிறது, ஆனால் அது தனி பவர் அடாப்டர் கேட்கிற 3.5 இன்ச் மேசை டிரைவ், விலையும் பல பத்தாயிரங்கள். உள்ளங்கையில் அடங்குகிற, இரண்டாயிரம் ரூபாய் 16 டிபி என்று ஒன்று இல்லவே இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இனி அதில் எதையும் எழுதாதீர்கள். திறக்கிற கோப்புகளை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்டர் விவரம், பில், விற்பனைப் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 1915க்கு அழையுங்கள். கொஞ்சம் பணம் தருகிறேன் என்று விற்பனையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.