விண்டோஸ் 10-க்குப் பிறகு எங்கே போவது? விண்டோஸ் 11, லினக்ஸ், மேக்: ஓர் ஒப்பீடு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் டிடிபி கடைகள், கணக்கு எழுதும் அலுவலகங்கள், பள்ளிகள், வீடுகள் என்று எங்கே பார்த்தாலும் அந்த இயங்குதளம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு, கணினி தொடங்கும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறையில் சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நன்றாக ஓடும் 2016 மாடல் கணினி ஒன்று இந்தக் கணக்கில் வெளியே நின்றுவிடுகிறது.

அதனால் பழைய விவாதம் மறுபடி கிளம்பியிருக்கிறது. புதுக் கணினி வாங்கி விண்டோஸிலேயே இருப்பதா, இருப்பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வதா, ஆப்பிளின் மேக் பக்கம் போய்விடுவதா? பெரும்பாலும் இந்தப் பேச்சு இயங்குதளத்தின் விலையில் தொடங்கி, எது வேகம், எதில் வைரஸ் வராது என்று போய் முடிகிறது. என் கருத்தில் அது தொடங்க வேண்டிய இடமே வேறு. நம்மை ஒரு கணினியோடு கட்டிப்போடுவது நாம் எழுதிச் சேமித்து வைத்திருக்கும் கோப்புகளும், அவற்றைத் திறக்கத் தெரிந்த ஒன்றிரண்டு மென்பொருள்களும்தான். செலவும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

விலை: வெளியே தெரிவதும் தெரியாததும்

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைத் தனியாக வாங்கினால் அமெரிக்காவில் 139 டாலர், புரோ என்றால் 199 டாலர். பிராண்டட் லேப்டாப் வாங்குகிறவருக்கு இந்த விலை கண்ணில் படுவதே இல்லை, மொத்த விலைக்குள் கலந்துவிடுகிறது. நம்மூரில் அசெம்பிள் செய்யும் கணினிகளின் கதை வேறு. கடைக்காரரே ஒரு விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுவார், லைசென்ஸ் பற்றி யாரும் கேட்பதில்லை. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் ‘கீ’களும் உண்டு. அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த லைசென்ஸிலிருந்து பிரிந்து வந்தவை. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது. என்றைக்கு வேண்டுமானாலும் அந்தக் கீ செல்லாமல் போகலாம்.

இதைச் சொல்லாமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. விண்டோஸுக்குக் காசே கொடுக்காத ஒருவரிடம் போய் ‘லினக்ஸ் இலவசம்’ என்றால் அவருக்கு அதில் என்ன லாபம்? இரண்டும் அவருக்குச் சும்மா கிடைப்பவைதான். லினக்ஸ் நம்மிடையே பரவாததற்குத் திருட்டு விண்டோஸ் ஒரு பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் கிராக் செய்த விண்டோஸில் அப்டேட்டை அணைத்து வைப்பது வழக்கம். ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் உள்ள கணினியில் அதைச் செய்வது ஆபத்து. சேதம் வரும்போது லைசென்ஸ் விலையைவிட அது பல மடங்காக இருக்கும்.

விண்டோஸ் 10-லேயே இன்னும் சிறிது காலம் தள்ள நினைப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்தது. 30 டாலர் கட்டினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் செட்டிங்ஸை அவர்களுடைய சர்வரில் சேமிக்கச் சம்மதித்தால் அந்தப் பணமும் வேண்டாம். இது வீட்டுப் பயனர்களுக்கு. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டில் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகளும் புழங்குகின்றன. வேலை செய்யும், ஆனால் அந்தக் கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. தொழில் நடக்கும் கணினிக்கு அது வேண்டாம்.

மேக்கில் இயங்குதளத்துக்குத் தனி விலை கிடையாது. 2013 முதல் அப்படித்தான். அதற்குப் பதிலாக ஆப்பிள் கணினியையே வாங்க வேண்டும். எம்4 மேக் மினி இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 59,900 ரூபாய், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் சேராமல். வாங்கிய பிறகு ராம் கூட்ட முடியாது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கணினி அமைதியாக, குறைந்த மின்சாரத்தில், பல ஆண்டுகள் ஓடும். வீடியோ எடிட்டிங், இசைப்பதிவு செய்கிறவர்கள் அந்த விலையைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். ரசீது போடவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அது தேவையில்லை.

லினக்ஸின் வகைகளான மின்ட், உபுண்டு போன்றவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 ஏற்காத அந்த 2016 கணினியில் ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி மின்ட் போட்டால் புதிதுபோல் ஓடும். செலவு எங்கே வரும் என்றால், பழக வேண்டிய நேரத்தில். அப்புறம், ஏதாவது நின்றுபோனால் கூப்பிட ஆள் வேண்டும். விண்டோஸ் தெரிந்த டெக்னீஷியன் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். லினக்ஸ் தெரிந்தவர் சிறு ஊர்களில் கிடைப்பது அரிது.

மியூனிக் போட்டுப் பார்த்த கணக்கு

இந்தச் செலவுக் கணக்கை ஊரறியப் போட்டுப் பார்த்தது ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி. 2003-இல் அவர்களுக்கும் இதே நெருக்கடி: விண்டோஸ் என்டி 4-க்கு ஆதரவு முடிகிறது, கையில் சுமார் 14,000 கணினிகள். மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் நேரிலேயே போய் மேயர் கிறிஸ்டியான் ஊடேயைப் பார்த்துப் பேசினார், விலையையும் குறைக்க முன்வந்தார். நகர மன்றம் அப்படியும் லினக்ஸுக்கு வாக்களித்தது. லிமக்ஸ் என்று பெயர் வைத்து, 2013-இல் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது நகராட்சி. மைக்ரோசாஃப்ட்டுக்காக எச்பி நிறுவனம் தயாரித்த ஆய்வோ செலவு கூடியதாகவே சொன்னது. 2017-இல், வேறொரு மேயரின் காலத்தில், மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது.

லினக்ஸ் ஆதரவாளர்கள் இதை அரசியல் என்கிறார்கள், எதிர்ப்பாளர்கள் தோல்வி என்கிறார்கள். பத்தாண்டு ஏன் ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லினக்ஸை நிறுவுவது பெரிய வேலையாக இல்லை. ஒவ்வொரு துறையும் பல ஆண்டுகளாக வேர்டிலும் எக்செலிலும் செய்து வைத்திருந்த படிவங்கள், அவற்றுக்குள் எழுதிய தானியங்கிக் கட்டளைகளான மேக்ரோக்கள், விண்டோஸில் மட்டுமே ஓடும் துறைசார் மென்பொருள்கள், இவைதான் நேரத்தை விழுங்கின. படிவங்களைக் கையாள வோல்மக்ஸ் என்ற கருவியை நகராட்சியே எழுத வேண்டியிருந்தது. சில கணினிகள் கடைசிவரை விண்டோஸிலேயே இருந்தன.

அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்போது சுமார் 30,000 கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பிடித்த வரிசை வேறு. முதலில் வேர்டுக்கும் எக்செலுக்கும் இலவச மாற்றான லிப்ரே ஆபிஸ், எந்த மென்பொருளும் கையாளக்கூடிய திறந்த கோப்பு வடிவம். பிறகு மின்னஞ்சல். இயங்குதளம் அதற்கப்புறம். இதுதான் சரியான வரிசை என்பேன். விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ் ஓடும், ஃபயர்பாக்ஸ் ஓடும், விஎல்சி ஓடும். ஆறு மாதம் அவற்றில் வேலை பார்த்தவருக்கு அடியில் இருக்கும் தளம் மாறினாலும் கை தடுமாறாது.

எதில் எது ஓடும்?

பழைய மென்பொருளைக் காப்பாற்றுவதில் விண்டோஸை மிஞ்ச ஆளில்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய 32-பிட் மென்பொருள்களில் பல விண்டோஸ் 11-இலும் ஓடுகின்றன. அதற்கும் முந்தைய தலைமுறையான 16-பிட் மென்பொருள் மட்டும் இன்றைய 64-பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-ஐ இன்றும் சில அச்சகங்கள் பிடித்துத் தொங்குவது விண்டோஸின் இந்தக் குணத்தால்தான்.

ஆப்பிள் இதற்கு நேர் எதிர். பழைய பவர்பிசி சிப்புக்கு எழுதிய மென்பொருள்களை ஓடவைத்த ரொசெட்டா என்ற கருவியை 2011-இல் நீக்கியது, 32-பிட் மென்பொருள்களை 2019-இல் கட்டலினா பதிப்போடு வெட்டியது. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. முன்பு மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸும் போட்டுக்கொள்ளலாம், ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கான் வந்த பிறகு அதுவும் இல்லை. புதிய மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு இது வலிக்காது. பழைய ஒன்றை நம்பியிருப்பவருக்கு மேக் ஆகவே ஆகாது.

லினக்ஸில் வைன் என்ற இடைநிலை மென்பொருளின் மூலம் பல விண்டோஸ் மென்பொருள்களை ஓடவைக்கலாம். 1993-இல் தொடங்கிய அந்த முயற்சி, 2018-இல் வால்வ் நிறுவனம் அதிலிருந்து புரோட்டானை உருவாக்கிய பிறகு விளையாட்டுகளில் பெரிதாக முன்னேறியது. ஆனால் வாலரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத்தடுப்பு ஏற்பாட்டால் லினக்ஸில் ஓடுவதில்லை. ஃபோட்டோஷாப், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன், வரைபடம் போடும் ஆட்டோகேட், கணக்கு எழுதும் டேலி ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. டேலிக்கு மேக் பதிப்பும் கிடையாது. டேலியில் தொழில் நடத்துகிறவர் இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். விண்டோஸ் 11-க்குப் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது.

கருவிகளையும் மறந்துவிடக் கூடாது. நம்மூர் அலுவலகங்களில் பார்க்குமிடமெல்லாம் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் எளிதில் வேலை செய்யாது, கணினியோடு பேச அது பயன்படுத்தும் கேப்ட் நெறிமுறைக்குத் தனி டிரைவர் வேண்டும். அண்மைக்கால வைஃபை பிரிண்டர்களோ லினக்ஸில் டிரைவர் இல்லாமலேயே இணைந்துவிடுகின்றன. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். லினக்ஸை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அப்படிச் சோதித்த பிறகு முடிவெடுத்தால் போதும்.

தமிழ்க் கோப்புகள்

இங்கேதான் நம்முடைய கதை மற்றவர்களிடமிருந்து மாறுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் எந்தத் தளத்துக்குப் போனாலும் அவருடைய எழுத்து எழுத்தாகவே இருக்கும். பாமினியிலோ வானவில் அவ்வையாரிலோ எழுதியவருக்கு அப்படியில்லை. அந்த எழுத்துருக்கள் வேறு எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் மேக்கிலும் போட்டுப் படிக்கலாம்தான். ஆனால் தட்டச்சுப் பலகையை மாற்றித் தரும் பழைய கருவிகள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை, வழக்கமான தமிழ்த் தேடலும் எழுத்துப்பிழைத் திருத்தியும் அந்தக் கோப்பில் வேலை செய்யாது. பத்து, இருபது ஆண்டு உழைப்பு இப்படி ஒரு எழுத்துருவுக்குள் அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணைத் தரும் யூனிகோடுக்கு வந்துவிட்டவருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. மூன்று தளங்களிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. மேக்கில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தமிழ்99 தட்டச்சுப் பலகை மூன்றிலும் கிடைக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி மூலம் அதை அமைத்துக்கொள்ளலாம். பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் யூனிகோடு தமிழைக் கையாளுகிறது. இலவசமான ஸ்கிரைபஸும் 1.6 பதிப்பில் தமிழைச் சிதைக்காமல் காட்டுகிறது. இன்டிசைனின் வசதிகள் அனைத்தும் அதில் இல்லை, ஆனால் சிறு இதழும் துண்டறிக்கையும் செய்யத் தாராளமாகப் போதும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த சமயத்தில், தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான லினக்ஸ் அது. கேரளம் அதற்கு முன்பே பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது, அங்கே அது நிலைத்தும் நிற்கிறது. முதல் நாளிலிருந்தே லினக்ஸில் படிக்கும் பிள்ளைக்குச் சுமந்து வரவேண்டிய பழைய கோப்பு எதுவும் இல்லை. அலுவலகத்தில் இருப்பவருக்கு இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இப்படிப் பிரிகிறது. இணையம், கடிதம், பாடம், படம் பார்ப்பது என்று இருக்கும் வீட்டுக் கணினிக்கும் பள்ளிக்கும் லினக்ஸ் மின்ட், தயக்கமே வேண்டாம். டேலி, ஆட்டோகேட் உள்ள இடத்துக்கு முறையான லைசென்ஸோடு விண்டோஸ் 11. அங்கேயும் எல்லாக் கணினியையும் மாற்றத் தேவையில்லை. கணக்கு எழுதும் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிவிட்டு மற்றவற்றில் லினக்ஸ் போடலாம். வீடியோ, ஒலிப்பதிவு தொழில் என்றால் மேக்.

அச்சகமும் டிடிபி கடையும் என்றால், தளத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேஜ்மேக்கர் திறக்கும் அந்தப் பழைய விண்டோஸ் 10 கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தனியாக வையுங்கள். அதில் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிடிஎஃப் ஒரு பிரதி, யூனிகோடுக்கு மாற்றிய உரை ஒரு பிரதி என்று எடுத்து வெளி ஹார்ட் டிஸ்கில் சேருங்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும், கொம்பும் ஒற்றும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும். இந்த வேலையை அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.